சுரண்டி எழுதிய ஒரு தேதி

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். டீச்சருக்கு எதற்கு இந்த கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று சிரிப்பவர்கள், கடைசிவரை படித்துவிட்டுச் சிரிக்கலாம்.

போன மாதம் நம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறான். தோட்டத்துக்காரர்களுக்குச் சொட்டுநீர் வால்வுகளை நேரம் வைத்துத் திறந்து மூடும் கன்ட்ரோலர் பெட்டி செய்து கொடுக்கிறான். காரமடைப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டங்களுக்குக் கொடுத்த பெட்டிகளில் சில ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்துவிட்டன. தண்ணீர் பாயாமல் செடி வாடினால் விவசாயி சும்மா இருப்பாரா? பையன் முகம் கறுத்திருந்தது.

"டீச்சர், பெட்டி செத்துப் போகலீங்க. எந்திரிக்கப் பாக்குது, முடியல. மறுபடியும் எந்திரிக்கப் பாக்குது. விடிய விடிய அதே வேலைதாங்க."

"ஏன் கண்ணு, அதுக்கு என்ன கேடு?"

"கரண்டு போன நேரத்துல எதையோ எழுதிட்டு இருந்திருக்குதுங்க. எழுத்து பாதியில நின்னு போச்சு. அந்தப் பாதி எழுத்தைப் படிக்கப் போறப்பவே ஒவ்வொரு தடவையும் விழுந்துருது."

அவன் போன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாதி எழுத்து, கெட்ட எழுத்து, அதை நம்பி நின்றவர் விழுவது. இதில் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், அவனிடம் கேட்டும் நானாகத் தேடிப் படித்தும் தெரிந்துகொண்ட வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன்.

உங்களில் மூத்தவர்களுக்குச் சிலேட்டு நினைவிருக்கும். ஒவ்வொரு எழுத்தாக எழுதுவீர்கள். அழிக்கும்போது கோவை இலையைக் கசக்கியோ ஈரத்துணியாலோ முழுச் சிலேட்டையும் ஒரே இழுப்பாக இழுத்துவிடுவீர்கள். ஃப்ளாஷ் மெமரி என்னும் சில்லு ஏறக்குறைய அந்தச் சிலேட்டுதான். உங்கள் செல்போன், பென்டிரைவ், கேபிள் டிவி பெட்டி, வைஃபை பெட்டி எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கிறது. மின்சாரம் போனாலும் எழுதியது அழியாது.

அதற்கு முன்பு இருந்தது, இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் 1971-ல் கொண்டுவந்த ஈப்ராம் சில்லு. அதன் தலையில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். எழுதியதை அழிக்க வேண்டுமானால் சில்லைக் கழற்றி, அந்த ஜன்னல் வழியே புறஊதா ஒளியைப் பல நிமிடங்கள் காட்ட வேண்டும். தோட்டத்தில் இருக்கும் பெட்டிக்கு இது ஆகிற காரியமா? மின்சாரத்தாலேயே அழிக்கக்கூடிய சில்லும் பிறகு வந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழிக்கும் வசதி அதில் இருந்ததால் இடமும் விலையும் கூடின. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் இருந்த ஃபுஜியோ மசுவோகா வேறு வழி யோசித்தார். எழுத்து எழுத்தாக அழிக்கும் வசதியை விட்டுவிட்டு, ஒரு கட்டத்தை மொத்தமாக அழித்தால் என்ன? அப்படிச் செய்தால் சில்லு சின்னதாகும், விலை குறையும். 1984-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் அதை வெளியிட்டார். மொத்தமாகச் சட்டென்று அழிவதைப் பார்த்த சக ஊழியர் ஒருவருக்கு கேமரா ஃப்ளாஷ் வெளிச்சம் நினைவுக்கு வந்ததாம். பெயர் அப்படி வந்ததுதான். 1987-ல் நேண்ட் என்னும் அடுத்த வகையும் அவர் குழுவிடமிருந்தே வந்தது. இன்று நம் போன்களில் இருப்பது அந்த வகை.

மலிவுக்கு ஒரு விலை உண்டல்லவா? ஃப்ளாஷில் இரண்டு சங்கடங்கள். ஒன்று, எழுதிய இடத்திலேயே திருத்தி எழுத முடியாது. ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமானாலும் அந்தக் கட்டம் முழுவதையும் அழித்தாக வேண்டும். இரண்டு, ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்ப அழித்தால் அது தேய்ந்துவிடும். நல்ல சில்லுக்கு ஒரு கட்டத்துக்குச் சுமார் 1,00,000 முறை என்பார்கள். கேட்கப் பெரிய எண்தான். நொடிக்கொரு முறை ஒரே இடத்தில் அழித்து எழுதினால் இரண்டு நாளுக்குள் அந்த இடம் முடிந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ரஃப் நோட்டில் ஒரே இடத்தை ரப்பர் போட்டுத் தேய்த்துத் தாளைக் கிழித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள்!

இப்போது, அந்தப் பையன் அடிக்கடி சொன்ன "மவுண்ட்" என்ற சொல்லுக்கு வருகிறேன். காலையில் பள்ளிக்கூடம் திறந்ததும் நான் என்ன செய்வேன்? பீரோவைத் திறந்து, பதிவேடுகளை மேசைமேல் எடுத்து வைத்து, எந்த ஏட்டில் எந்தப் பக்கம் நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் வகுப்பு. கம்ப்யூட்டர் செய்வதும் அதுதான். மின்சாரம் வந்ததும் தன்னுடைய சேமிப்பைத் திறந்து, எந்தக் கோப்பு எங்கே என்று பார்த்து, மற்ற வேலைகளுக்குக் கையெட்டும்படி வைக்கிறது. இதற்குப் பெயர் மவுண்ட் செய்வது. பீரோ திறக்கவில்லை என்றால் பள்ளிக்கூடம் ஓடாது. மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில் இந்த வேலை ஒரு நாளில் பத்துத் தடவை நடக்கும். 2012-ல் நம் கோவையில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் நடுவில் மின்சாரம் போனாலும் கெடாதபடி எழுதுவது எப்படி? இதற்கு வழி ஃப்ளாஷ் பரவுவதற்கு முன்பே, சாதாரண வட்டுகளுக்காக யோசிக்கப்பட்டது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மெண்டல் ரோசன்பிளம், ஜான் ஆஸ்டர்ஹவுட் என்ற இருவர் 1991-ல் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். பழையதைத் தொடாதே, புதியதை வரிசையில் அடுத்த இடத்தில் எழுது, என்பது அதன் சாரம். நாட்குறிப்பு எழுதுவது போல.

ஸ்வீடன் நாட்டில் லுண்ட் என்ற ஊரில் ஆக்சிஸ் என்ற நிறுவனம் நெட்வொர்க் கேமராக்கள் செய்து வந்தது. அந்தக் கேமராக்களை யாரும் முறையாக நிறுத்த மாட்டார்கள். ஒயரைப் பிடுங்குவார்கள், அவ்வளவுதான். ஒயரைப் பிடுங்கினாலும் பிழைக்கிற ஒரு பதிவு முறை அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதே நாட்குறிப்பு யோசனையை எடுத்து ஃப்ளாஷுக்கென்று ஜேஎஃப்எஃப்எஸ் என்ற முறையை எழுதி, 1999-ல் லினக்ஸுக்காக எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 2001-ல் ரெட் ஹாட் நிறுவனத்தின் டேவிட் வுட்ஹவுஸ் அதை மாற்றி எழுதி இரண்டாம் பதிப்பாக்கினார். உலகம் முழுக்க வைஃபை பெட்டிகள் முதல் எத்தனையோ சின்னச் சின்னக் கருவிகளில் அது உட்கார்ந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஆசிரியர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை எண். அதோடு ஒரு சரிபார்ப்புத் தொகை. வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் கீழே கூட்டுத்தொகை போடுவோமே, அது போல. எழுந்ததும் எல்லாப் பதிவுகளையும் படிக்கும். ஒரே கோப்புக்கு இரண்டு பதிவு இருந்தால் பெரிய எண் உள்ளதே நடப்பு. கூட்டுத்தொகை சரியாக வராத பதிவு, கரண்டு போனபோது பாதியில் நின்ற பதிவு. அதை ஒதுக்கிவிட்டு, அதற்கு முந்தைய நல்ல பதிவை எடுத்துக்கொள்ளும். பழையதை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் இது முடிகிறது! இடம் நிரம்பி வரும்போது, நடப்பில் உள்ளவற்றை மட்டும் புதுக் கட்டத்துக்குப் பெயர்த்து எழுதி, அதன் பிறகே பழைய கட்டத்தைத் துடைக்கும். ஜூன் மாதம் புதுப் பதிவேடு போடும்போது டி.சி. வாங்கிப் போனவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் எழுதுவோம், அதே வேலை. எழுதும் இடம் சுற்றிச் சுற்றிப் போவதால் எந்த ஒரு கட்டமும் தனியாகத் தேய்வதும் இல்லை.

இதிலும் குறை உண்டு. எழும்போதெல்லாம் சேமிப்பு முழுவதையும் படிக்க வேண்டும். சில்லின் அளவு பெரிதாகப் பெரிதாக எழுந்திருக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. பொருளடக்கத்தையும் ஃப்ளாஷிலேயே எழுதி வைத்துக்கொள்ளும் யூபிஐஎஃப்எஸ் என்ற முறை 2008-ல் வந்தது. நோக்கியா நிறுவனத்தின் பொறியாளர்கள் ஹங்கேரியின் செகெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்தது அது.

நம் நாட்டிலும் இந்தக் காலத்தில் ஒரு முயற்சி நடந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர்கள் நால்வரும் என்கோர் என்ற நிறுவனத்தாரும் சேர்ந்து 1999-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கி 2001-ல் அறிமுகம் செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்த வேண்டும், சுமார் 9,000 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டும் என்பது கனவு. திரையைத் தொட்டால் போதும். இந்திய மொழிகளில் வாசித்தும் காட்டும். லினக்ஸில் ஓடியது. சுழலும் வட்டு கிடையாது. அதன் மூளையிலிருந்த அத்தனையும் சில பத்து மெகாபைட் ஃப்ளாஷுக்குள்தான். பேட்டரியில் ஓடுவது, கிராமத்தில் இருப்பது, எப்போது வேண்டுமானாலும் அணையலாம். ஆகவே இதே கேள்விதான் அதற்கும். அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஒரு கருவியை ஊரே பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் அவரவர் விவரம் அவரவர் ஸ்மார்ட் கார்டில் இருக்கும். கரும்பலகை பொது, நோட்டு அவரவருடையது! 2004-ல் பெல் நிறுவனம் அமிடா என்ற பெயரில் தயாரித்து விற்பனைக்கு விட்டது. எதிர்பார்த்தபடி விற்கவில்லை. செல்போன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த செல்போனுக்குள்ளும் ஃப்ளாஷும் லினக்ஸும்தான் போய் உட்கார்ந்தன. முதல் ஆண்ட்ராய்டு போன்கள், நியூசிலாந்துக்காரர் சார்லஸ் மேனிங் எழுதிய யாஃப்ஸ் என்ற ஃப்ளாஷ் முறையோடுதான் வந்தன.

அமிடா விற்பனைக்கு வந்த அதே 2004-ல், நம் பையனின் பெட்டிக்கு வந்த நோய் செவ்வாய் கிரகத்தில் ஒரு வண்டிக்கு வந்தது. கதையல்ல, நடந்தது.

நாசாவின் ஸ்பிரிட் என்ற ஆறு சக்கர வண்டி அந்த ஜனவரி 4-ம் தேதி செவ்வாயில் இறங்கியது. ஜனவரி 21-ம் தேதி திடீரென்று ஒழுங்காகப் பேசுவதை நிறுத்திவிட்டது. சோதித்துப் பார்த்தால், எழுகிறது, விழுகிறது, மறுபடி எழுகிறது. அறுபது தடவைக்குமேல் இப்படி. இரவில் தூங்க வேண்டிய வண்டி தூங்கவில்லை. பேட்டரி கரைந்துகொண்டிருந்தது.

காரணம் என்ன தெரியுமா? அதில் 256 மெகாபைட் ஃப்ளாஷ் இருந்தது. வேலை செய்யும் நினைவகம், நம் கணக்கில் மேசை, 128 மெகாபைட். பூமியிலிருந்து போகும் ஏழு மாதப் பயணத்திலேயே ஏகப்பட்ட கோப்புகள் சேர்ந்துவிட்டன. இறங்கிய பிறகு இன்னும் சேர்ந்தன. மவுண்ட் செய்யும்போது எல்லாக் கோப்புகளின் பட்டியலையும் மேசைமேல் விரிக்க வேண்டும். கோப்பை அழித்தாலும் பட்டியலில் அதற்குக் கொடுத்த இடம் குறையாத மாதிரியான முறை அது. டி.சி. வாங்கிப் போனவன் பெயருக்கும் வரி விட்டுக்கொண்டே இருந்தால் பதிவேடு என்ன ஆகும்? ஒரு கட்டத்தில் பட்டியலுக்கென்று ஒதுக்கிய இடம் போதவில்லை. போதாததால் கணினி தன்னை அணைத்துவிட்டு மறுபடி எழுந்தது. எழுந்ததும் முதல் வேலை? அதே பீரோவைத் திறப்பது, அதே பட்டியலை விரிப்பது. மறுபடி விழுவது. பள்ளிக்கூடத்தைத் திற, பீரோவைத் திற, மேசை கொள்ளவில்லை, பள்ளிக்கூடத்தை மூடு, திரும்பவும் திற.

பக்கத்தில் போய் ஸ்குரூ டிரைவர் போடவும் முடியாது. ரேடியோ கட்டளை போய்ச் சேரவே சுமார் 10 நிமிடம் ஆகும் தூரம். வண்டியைக் காப்பாற்றியது ஒரே ஒரு முன்யோசனை. ஃப்ளாஷை மவுண்ட் செய்யாமலேயே எழுந்து நிற்கும் வழியொன்றை அதைச் செய்தவர்கள் முன்பே வைத்திருந்தார்கள். "பீரோவைத் திறக்காதே, வெறும் மேசையோடு பள்ளியை நடத்து" என்று கட்டளை அனுப்பினார்கள். வண்டி நிதானத்துக்கு வந்தது. பொறுமையாகப் பழைய கோப்புகளைக் கழித்து, பிப்ரவரியில் ஃப்ளாஷைத் துடைத்துப் புதிதாக ஆரம்பித்தார்கள். 90 நாள் உழைத்தால் போதும் என்று அனுப்பிய ஸ்பிரிட், 2010 மார்ச் வரை நம்மோடு பேசியது.

இப்போது என் கணக்கைச் சொல்கிறேன்.

1988. நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஜூன் மாதச் சேர்க்கை. ஒரு பெண்குழந்தையின் பிறந்த தேதியை, அடுத்து நின்ற குழந்தையின் தேதியோடு மாற்றிச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிவிட்டேன். விதி எனக்குத் தெரியும். தவறானதன்மேல் ஒற்றைக் கோடு போட்டு, சரியானதை மேலே எழுதி, தலைமையாசிரியரிடம் தேதியோடு சுருக்கொப்பம் வாங்க வேண்டும். பழைய எழுத்து படிக்கத் தெரியும்படி இருக்க வேண்டும். ஆனால் ஏடு அசிங்கமாகத் தெரியுமே, புதிதாக வந்தவள் தப்பு செய்தாள் என்பார்களே என்ற வெட்கம். பிளேடால் மெல்லச் சுரண்டி, அதன்மேல் சரியான தேதியை அழகாக எழுதிவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. நான் மறந்தும்விட்டேன்.

பல வருடம் கழித்து அந்தப் பெண் ஒரு அரசு வேலைக்குத் தேர்வானாள். சான்றிதழ் சரிபார்ப்பில் ஏதோ ஒரு சந்தேகம் வந்து, மூலப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டிருக்கிறார்கள். அந்த வரியில் தாள் மெலிந்து, மை ஊறியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் சுரண்டியது தெரிந்தது. அங்கே இருந்தது சரியான தேதிதான்! ஆனால் சுரண்டிய இடத்தில் இருக்கும் உண்மையை யார் நம்புவார்கள்? தேதியை யாரோ தங்கள் வசதிக்கு மாற்றியதாகச் சந்தேகப்பட்டார்கள். அவள் அப்பா அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். நானும் நேரில் போய் எழுதிக் கொடுத்தேன். தீர்வதற்கு ஒரு வருடத்துக்குமேல் ஆயிற்று. அவளோடு தேர்வானவர்கள் எல்லாம் அவளுக்கு மூத்தவர்களாகிவிட்டார்கள். "பரவால்லீங் டீச்சர்" என்றாள். அவள் சொன்ன அந்தச் சொல்லை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

தப்பு எழுதியது பெரிய குற்றமில்லை. எழுதுகிற கை தவறும். கரண்டும் போகும். தப்பு நடந்ததன் தடயத்தை அழித்ததுதான் குற்றம். கோடு போட்டு எழுதியிருந்தால் என் வெட்கம் ஒரு நாளோடு போயிருக்கும். லுண்ட் ஊரில் உட்கார்ந்து அந்த முறையை எழுதியவர்களுக்கு நம் சேர்க்கைப் பதிவேட்டு விதி தெரிந்திருக்காது. ஆனால் அவர்களும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். பழையது இருக்கட்டும், புதியதை அடுத்து எழுது, சரிபார்க்க ஒரு தொகை போடு, புதியது முழுசாக நின்ற பிறகே பழையதைக் கழி.

அந்தப் பையன் போன வாரம் மறுபடி வந்தான். பெட்டிகளில் மூன்று மாற்றம் செய்திருக்கிறானாம். பெட்டியின் அடிப்படை நிரல்கள் இருக்கும் பகுதியைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டான். இனிமேல் கரண்டு போனாலும் அதில் பாதி எழுத்து விழாது. தினசரிக் கணக்கு எழுதும் பகுதியைத் தனியாகப் பிரித்து, நாட்குறிப்பு முறைக்கு மாற்றிவிட்டான். மூன்றாவதுதான் முக்கியம். அந்தப் பகுதி மவுண்ட் ஆகவில்லை என்றால், அதை விட்டுவிட்டு எழுந்து, வழக்கமான நேரப்படி வால்வைத் திறக்க வேண்டும்.

"கணக்கு போனாப் போகட்டுங்க டீச்சர், செடிக்குத் தண்ணி போகோணும்" என்றான்.

பட்டறையில் ஒரு பெட்டியை வைத்து, இரண்டு நாள் மெயின் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் எழுந்துவிட்டதாம். அதன் பிறகுதான் காரமடைக்கு அனுப்பினான். கெட்டதை யார் தலையிலும் கட்டாமல், "என் தப்புத்தானுங்க" என்று சொல்லித் தோட்டத்துக்காரர்களிடம் மாற்றிக் கொடுத்திருக்கிறான். அதைக் கேட்டபோது, இவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான் என்பதைவிட, இவனிடம் நான் படித்துக்கொண்டேன் என்பதே சரி என்று தோன்றியது.

வழக்கம்போல வீட்டுப்பாடம். ஒன்று, டிவி பெட்டியோ வைஃபை பெட்டியோ அப்டேட் ஆகும்போது ஒயரைப் பிடுங்காதீர்கள். இரண்டு, போட்டோக்கள் ஒரே போனில் மட்டும் இருக்க வேண்டாம். வேறு ஒரு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். எந்தச் சில்லும் தேயும். மூன்று, நம்மில் பலர் இப்போது ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் இருக்கிறீர்கள். பதிவேட்டில் தப்பு வந்தால் கோடு போடுங்கள், சுரண்டாதீர்கள்.

அந்தப் பெண்ணும் இந்தப் பதிவைப் படிப்பாள் என்று நினைக்கிறேன். நேரில் அன்றைக்கு எழுதிக் கொடுத்ததில் "எழுத்துப் பிழை" என்று மட்டும் இருந்தது. சுரண்டியது வெட்கத்தால்தான் என்பதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். மன்னித்துக்கொள், கண்ணு. இந்தப் பதிவைத் திருத்த மாட்டேன், அழிக்கவும் மாட்டேன்.